பர்ல் டாக்கெட் கித்தார் தொட்டதே இல்லை

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்து நான்கு ஆகஸ்டில், பர்ல் டாக்கெட்டின் கல்லறையைத் தேடி ஆயிரத்து நானூறு மைல் கார் ஓட்டி வந்தான் ஒரு வெள்ளைக்கார இளைஞன். பெயர் வாரன், பாஸ்டன் பக்கம். பருத்தி வர இன்னும் இரண்டு வாரம் இருந்தது. பருத்திக் கொட்டை பிரிக்கும் ஜின்னிங் மில்லில் நான் ரம்பத் தட்டுகளுக்குப் பல் தீட்டிக்கொண்டிருந்தேன். அவன் வாசலில் நின்று, "மிஸ்டர் ப்ளெட்சோ இருக்காருங்களா?" என்று கேட்டான்.

எனக்கு அறுபத்தொரு வயது. வெள்ளைக்காரன் ஒருவன் வாயிலிருந்து என் பெயருக்கு முன்னால் 'மிஸ்டர்' வந்தது அதுதான் முதல் தடவை. அதற்குச் சந்தோஷப்பட நேரம் கிடைக்கவில்லை.

"பர்ல் டாக்கெட்ட பத்திப் பேசணும் ஐயா. இந்த டெல்டாவுல அவர மாதிரி ஒரு கித்தார்க்காரர் பொறந்ததே இல்லைன்னு நாங்க நினைக்கிறோம்."

அரம் வழுக்கி என் பெருவிரலைக் கிழித்தது.

பர்ல் டாக்கெட் கித்தார் தொட்டதே இல்லை. அவன் வெள்ளைக்காரன். ஆற்றுக்கரை வேலையை மேற்பார்த்தவன், 'கேப்டன்' என்றுதான் அவனைக் கூப்பிட வேண்டும். என் மனைவி அர்சூலாவின் தம்பி லான்ஸோவை, எனக்கு இரண்டு அடி தள்ளி நின்றவனை, சுட்டுக் கொன்றவன்.

"யார் சொன்னாங்க உங்களுக்கு, அவன் கித்தார் வாசிச்சான்னு?" என்றேன்.

வாரன் தோள்பையிலிருந்து ஒரு படம் எடுத்துக் காட்டினான். இசைத்தட்டின் நடுவில் ஒட்டும் வட்டச் சீட்டின் படம். 'ஈர மூட்டை ப்ளூஸ். பாடியவர்: அர்சூலா பெட்டிஸ். கித்தார்: பர்ல் டாக்கெட்.' உலகத்தில் இந்தத் தட்டு மூன்றுதான் மிச்சம் இருக்கிறதாம். ஒன்றை வர்ஜீனியாவில் ஒரு முடிதிருத்தும் கடையின் பரணிலிருந்து இவனே எடுத்தானாம். அதைக் கேட்டதிலிருந்து நான்கு வருடமாக டாக்கெட்டின் பிறந்த ஊர், மனைவி, கல்லறை எல்லாவற்றையும் தேடுகிறானாம். அர்சூலாவின் புருஷன் ஹெலினாவில் ஒரு மில்லில் இருப்பதாக ஒரு சர்ச்சில் சொல்லியிருக்கிறார்கள். என்னிடம் கேட்டால் டாக்கெட்டைப் பற்றித் தெரியும் என்று வந்திருக்கிறான்.

"ஆத்துக்கு அந்தப் பக்கம், எங்க பழைய ஊர்க் கோர்ட்டுல பதிவேட்டப் புரட்டிப் பாக்கலையா?" என்றேன்.

"பாத்தேன் ஐயா. அந்தப் பேருல ஒரு வெள்ளைக்காரப் பண்ணையார் இருந்திருக்காரு. ஐம்பத்தொண்ணுல செத்துப்போனாரு. நம்ம டாக்கெட்டோட தாத்தா அந்தக் குடும்பத்துல அடிமையா இருந்து, எஜமான் பேரையே வச்சிருக்கணும். அப்படித்தான் நான் எழுதியிருக்கேன்."

"எழுதியே ஆச்சா?"

"ரெண்டு கட்டுரை. இப்ப அந்தப் பாட்ட எல்.பி. தட்டா திரும்பவும் கொண்டு வரோம். அட்டையில அவரப் பத்தி முழுப் பக்கம்."

பஞ்சுப்பொதி கட்டும் இயந்திரத்துக்கு அடியில் படுத்து எண்ணெய் போட்டுக்கொண்டிருந்த என் கூட்டாளி பர்னெல், அவனும் அந்தப் பக்கத்து ஊர்க்காரன்தான், தலையை மட்டும் வெளியே நீட்டினான். "ஹோசியா அண்ணே, டாக்கெட்டுன்னா, அந்த டாக்கெட்டா?"

"அவனேதான்."

"அவனுக்குத் தாளமே தெரியாதேண்ணே. துப்பாக்கிய மட்டும்தான் சரியான நேரத்துல அடிப்பான்."

வாரன் சிரிப்பதா வேண்டாமா என்று தெரியாமல் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தான். நான் ஒரு பெட்டியை இழுத்துப் போட்டு அவனை உட்காரச் சொன்னேன். கோபமாக இருக்கும்போது நான் வேகமாகப் பேசமாட்டேன். இயந்திரத்தைக் கழற்றுவது போல ஒவ்வொரு திருகாகத்தான் கழற்றுவேன்.

இருபத்தேழாம் வருட வெள்ளத்தில், ஆறு கரைக்கு ஒரு கை அளவு கீழே ஓடியது. கரை என்பது மண்மேடு. அதன் தலையில் மணல் மூட்டைகளைச் செங்கல் போல மூட்டு மாற்றி அடுக்கினால்தான் தண்ணீர் இடுக்கு வழியே அரிக்காது. மூட்டைக்குள் மணலை முக்கால் பங்குதான் போட வேண்டும். நிரம்ப அடைத்த மூட்டை அமுங்காது, இடைவெளி விட்டுவிடும். இதெல்லாம் தெரிந்த ஆட்களைத்தான் துப்பாக்கி வைத்துப் பிடித்துக்கொண்டு வந்தார்கள். எல்லோரும் கறுப்பர்கள். மூன்று நாள் மழை. மூன்றாம் நாள் காலையில் லான்ஸோ தோளில் இருந்த மூட்டையைக் கீழே வைத்துவிட்டு, "கேப்டன், ஒரு வாய் சாப்பிட்டுட்டு வந்து தூக்குறேன்" என்றான். அவனுக்கு இருபத்திரண்டு வயது. டாக்கெட் சுட்டான். முகத்தில் கோபம்கூட இல்லை. பிறகு எங்களைப் பார்த்து, இவனையும் சேர்த்து அடுக்குங்கள் என்றான்.

நாங்கள் அடுக்கினோம். நானும் அடுக்கினேன். இரண்டு நாள் கழித்து அதே இடத்தில்தான் கரை உடைந்தது. லான்ஸோவுக்குக் கல்லறை கிடையாது.

வாரன் தண்ணீர் கேட்டான். பர்னெல் எழுந்து போய்க் கொண்டுவந்து கொடுத்தான்.

அடுத்த வருடம் அர்சூலாவும் நானும் கல்யாணம் செய்துகொண்டோம். அவள் பாடுவாள், நான் வாசிப்பேன். சனிக்கிழமை மதியம் கடைத்தெருவில் ஆள் சேரும். அவள் கட்டிய பாட்டுகளில் ஒன்று அந்த மூட்டைப் பாட்டு. 'மூட்டைமேல மூட்டை வச்சோம், நடுவுல என் தம்பிய வச்சோம்' என்று ஒரு அடியை இரண்டு தரம் பாடி, மூன்றாவது தரம் 'வச்சவன் பேரு பர்ல் டாக்கெட்' என்று முடிப்பாள். கேப்டன் இல்லை, மிஸ்டர் இல்லை. எங்கள் ஜனம் மட்டும் இருக்கும் இடத்தில்தான் இதைப் பாடுவாள். அங்கேகூட அந்த அடி வந்ததும் நாலு பேர் எழுந்து போய்விடுவார்கள்.

நாற்காலி மேசையும் இசைத்தட்டும் விற்கும் ஸ்ப்ரோட் என்ற வெள்ளைக்காரக் கடைக்காரன் இந்தப் பாட்டை எப்படியோ கேட்டுவிட்டான். வடக்கே உள்ள கம்பெனிக்கு ஆள் பிடித்துக் கொடுப்பது அவன் பழக்கம். முப்பதாம் வருடம் செப்டம்பரில் எங்களை மெம்ஃபிஸுக்குக் கூட்டிப் போனான். வழியெல்லாம் அர்சூலாவிடம் ஒரே பேச்சு.

"சாவப் பத்தி எவ்வளவு வேணா பாடு, அர்சூலா. சனங்களுக்குப் பிடிக்கும். அந்தப் பேரு மட்டும் வேண்டாம். நான் அவரு பக்கத்துல உக்காந்து சர்ச்சுல பாட்டுப் படிக்கிறவன்."

"சரிங்க, மிஸ்டர் ஸ்ப்ரோட்," என்றாள் அர்சூலா. அவள் இவ்வளவு பணிவாகப் பேசினால் ஏதோ செய்யப் போகிறாள் என்று அர்த்தம்.

ஓட்டல் மாடியில் ஒரு அறை. ஜன்னல்களில் எல்லாம் தடிப் போர்வை தொங்கியது, தெருச் சத்தம் வராமல் இருக்க. நடுவில் ஒரே ஒரு மைக். அடுத்த அறையில் பதிவு இயந்திரம். அதைப் பார்த்ததும் நான் எதற்கு வந்தேன் என்பதே மறந்துவிட்டது. அதற்கு மின்சார மோட்டார் கிடையாது. மின்சாரம் கூடிக் குறையும். தட்டின் வேகம் மாறும். பாட்டின் சுருதி ஆடும். அதனால் உயரமான சட்டத்தில் ஈயக் குண்டு ஒன்றைக் கயிற்றில் ஏற்றிக் கட்டியிருந்தார்கள். குண்டு தன் எடையிலேயே மெதுவாக இறங்கும். அது இறங்கும் வேகத்தில் தட்டு சுற்றும். குண்டு தரைக்கு வருவதற்குள் பாட்டு முடிய வேண்டும். தட்டு மெழுகால் ஆனது, சோப்புக் கட்டி நிறம், இரண்டு விரல் கனம். மேலே ஊசி ஒன்று வெட்டிக்கொண்டே போகும். வெட்டின மெழுகு நூல் போலச் சுருண்டு வர, ஒரு குழாய் அதை உறிஞ்சிக்கொள்ளும்.

இயந்திரத்தைப் பார்த்துக்கொண்ட வெள்ளைக்காரர் பெயர் ஹோல்ம். வடக்கத்திக்காரர். நான் கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னார், என் பெயரை மட்டும் கேட்கவில்லை. அவர் சொன்ன ஒன்றுதான் எல்லாவற்றையும் மாற்றியது. மெழுகில் வெட்டின பாட்டைத் திரும்பப் போட்டுக் கேட்கலாம். ஆனால் கேட்கும் ஊசி அந்தப் பள்ளத்தை உழுதுவிடும். ஒரு தடவை கேட்டால் அந்த மெழுகு செத்தது. அதிலிருந்து தட்டு அச்சடிக்க முடியாது.

"அப்ப சரியா வந்துச்சான்னு எப்படிங்க தெரியும்?" என்றேன்.

"ரெண்டு தரம் பாட வைப்போம். ஒண்ணு கேக்குறதுக்கு. இன்னொண்ணு கேக்காம வச்சிருக்கிறதுக்கு."

நான் இதை ஒரு அதிசயம் போல அர்சூலாவிடம் சொன்னேன். கேட்கிற மெழுகு வேறு, வைக்கிற மெழுகு வேறு. அவள் என் முகத்தையே பார்த்தாள். "இன்னொரு தரம் சொல்லு, ஹோசியா," என்றாள். சொன்னேன். எனக்கு அப்போதும் உறைக்கவில்லை.

முதல் தரம் பாடினாள். அந்த அடியை 'வச்சவன் பேரு ஆண்டவனுக்குத் தெரியும்' என்று மாற்றிப் பாடினாள். ஸ்ப்ரோட் அதைப் போட்டுக் கேட்டே ஆக வேண்டும் என்றான். மைக் வழியே எல்லாம் வேறு மாதிரிக் கேட்கும், என் காதால் கேட்டால்தான் நம்புவேன் என்றான். ஹோல்ம் அடுத்த அறையில் கதவைச் சாத்திக்கொண்டு அவனுக்குப் போட்டுக் காட்டினார். மெழுகு செத்தது. ஸ்ப்ரோட் திருப்தியாகத் தொப்பியை எடுத்துக்கொண்டு மதியச் சாப்பாட்டுக்குக் கீழே போனான். "அதே மாதிரி இன்னொரு தரம் பாடிட்டு வந்துருங்க," என்றான்.

சிவப்பு விளக்கு எரிந்தது. எரிந்தால் தொடங்கு, சிமிட்டினால் முடி. அர்சூலா தொடங்கினாள்.

எங்கள் ப்ளூஸ் பாட்டில் ஒரு பழக்கம் உண்டு. வரிக்கும் வரிக்கும் நடுவே கித்தாருக்கு இடம் விடுவோம். அந்த இடத்தில் பாடுகிறவர் வாசிக்கிறவரைப் பேர் சொல்லிக் கூப்பிடுவார். 'சொல்லு ஹோசியா', 'அழ வையி ஹோசியா' என்று. மூன்றாவது அடியை அவள் ஸ்ப்ரோட் கேட்ட மாதிரியே, ஆண்டவனுக்குத் தெரியும் என்றே பாடினாள். பாடி முடித்து, நான் வாசிக்க வேண்டிய இடத்தில், அடுப்படியில் நின்று கூப்பிடுவது போலச் சாதாரணமாகச் சொன்னாள்: "எனக்கும் தெரியும். நீதான், பர்ல் டாக்கெட்."

என் கை நின்றுவிட்டது.

பிறகு விரல்கள் தானாக ஓடிப் பாட்டை முடித்தன. விளக்கு சிமிட்டியது. ஹோல்ம் மெழுகை இரண்டு கையாலும் தூக்கிப் பெட்டியில் வைத்துவிட்டு, பதிவுத்தாளை எடுத்துக்கொண்டு எங்கள் அறைக்கு வந்தார்.

"நல்லா வந்துச்சும்மா. கித்தார் வாசிச்சது பர்ல் டாக்கெட், இல்ல?" என்று என்னைக் கேட்டார்.

அவர் ஏன் அப்படி நினைத்தார் என்பதை நான் வாரனுக்கு விளக்க வேண்டியிருந்தது. எங்கள் பக்கத்தில் கறுப்பர் ஒருவர் வெள்ளைக்காரன் பெயரை மொட்டையாகச் சொன்னால் அன்றைக்கே வீடு எரியும். அதனால் ஒரு கறுப்புப் பெண் மொட்டையாக ஒரு பெயரைச் சொன்னால், அது கறுப்பன் பெயராகத்தான் இருக்க வேண்டும். கித்தாருக்கான இடத்தில் சொன்னால், கித்தார்க்காரன் பெயர். ஹோல்ம் தப்பாகக் கணக்குப் போடவில்லை. வாரன் நான்கு வருடமாகப் போட்டதும் அதே கணக்குதான்.

படிக்கட்டில் ஸ்ப்ரோட்டின் செருப்புச் சத்தம் கேட்டது. இல்லை என்று சொன்னால், அப்போ யார் அது என்பார். அதற்குள் ஸ்ப்ரோட் வந்து நிற்பான். பெட்டியைத் திறந்து ஒரு விரலால் அழுத்தினால் போதும், மெழுகு நசுங்கிவிடும். அதன் பிறகு எங்களை என்ன செய்வார்கள் என்பது தனி.

"ஆமாங்க. நான்தான்," என்றேன்.

ஹோல்ம் எழுதிக்கொண்டார்.

திரும்பி வரும்போது லாரியின் பின்னால் உட்கார்ந்து அர்சூலா ஆற்றைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "நான் அவன ஊர் நடுவுல அம்மணமா நிறுத்துனேன். நீ உன் சட்டையக் கழட்டி அவனுக்குப் போட்டுட்ட."

பனிக்காலத்தில் ஸ்ப்ரோட்டின் கடைக்கு ஒரு பெட்டி நிறையத் தட்டு வந்தது. ஒன்றைப் போட்டுக் கேட்டவன் மிச்சத்தையெல்லாம் கொல்லைப்புறத்தில் கோடாரியால் உடைத்தான். பிறகு எங்கள் வீட்டுக்கு வந்தான். "ஹோசியா, இனிமே உன்ன நான் பர்ல்னு கூப்பிடவா? அவரு காதுக்குப் போனா உன்னையும் விட மாட்டாரு, என்னையும் விட மாட்டாரு. ஞாயித்துக்கிழமைக்குள்ள ஆத்தத் தாண்டிடுங்க." தாண்டினோம். எங்கள் ஊரில் வேறு ஒருவரும் அந்தத் தட்டைக் கேட்கவில்லை. டாக்கெட்டும் கேட்கவில்லை. அவன் பாங்கில் டைரக்டராகி, சர்ச்சுக்கு மணி வாங்கிக் கொடுத்து, தன் கட்டிலில் செத்தான். அர்சூலா அவனுக்குப் பத்து வருடம் முன்னாலேயே நெஞ்சுச் சளியில் போய்விட்டாள். தன் குரலை அவள் ஒரு தடவைகூடக் கேட்டதில்லை.

நான் நிறுத்தினேன். வாரன் கீழே பார்த்துக்கொண்டே கேட்டான்.

"உங்கள நம்பலன்னு இல்ல ஐயா. ஆனா நான் எழுதினா ஆதாரம் கேப்பாங்க. நீங்கதான் வாசிச்சீங்கன்னு எப்படிக் காட்டுறது?"

"நான் அந்தத் தட்டக் கேட்டதே இல்ல. தெரியுமில்ல?"

"தெரியும்."

"மூணாவது அடி முடிஞ்சு அவ அந்தப் பேரச் சொன்னதும் கித்தார் நிக்கும். நாலு தட்டு. அவ காலால பலகையில தட்டுற சத்தம் மட்டும் கேக்கும். அப்புறம் நான் வந்து சேருவேன், ஆனா கீழ்க் கம்பிய விட்டுட்டு வருவேன். சரியா?"

அவன் காருக்குப் போய் டேப் ரெக்கார்டரைத் தூக்கிக்கொண்டு வந்தான். மில் சுவரில் இருந்த பிளக்கில் சொருகினான். சுருள் சுற்றியது.

முதலில் வறுக்கிற சத்தம்தான் வந்தது. அதற்குள்ளிருந்து அர்சூலா வந்தாள். இருபத்தாறு வயதுக் குரல். நான் அவளுடன் வாழ்ந்த வருடங்களைவிட அவள் இல்லாமல் வாழ்ந்த வருடங்கள் அதிகம். பர்னெல் தொப்பியைக் கழற்றிவிட்டு இயந்திரத்தில் சாய்ந்து நின்றான். மூன்றாவது அடி வந்தது. "எனக்கும் தெரியும். நீதான், பர்ல் டாக்கெட்." பிறகு அவள் செருப்பு. ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு. பிறகு நான், கீழ்க் கம்பி இல்லாமல்.

வாரன் டேப்பை நிறுத்தினான். முகம் வெளுத்திருந்தது.

"அந்த நாலு தட்டப் பத்தி நான் ரெண்டு பக்கம் எழுதியிருக்கேன்," என்றான்.

"என்ன எழுதுன?"

"தன் பேரக் கூப்பிட்டதும் அதுக்குப் பதிலா மௌனத்தையே வாசிச்ச மேதைன்னு."

பர்னெல் சிரிக்கத் தொடங்கி நிறுத்த முடியாமல் வெளியே போய்விட்டான்.

"பயம் அது," என்றேன். "என் கை செத்துப்போச்சு. தன் பேரக் கூப்பிட்டா எவனாவது வாசிக்கிறத நிறுத்துவானா? நாலு வருஷத்துல இது ஒரு நாள்கூட உனக்குத் தோணலையா?"

எப்போது 'நீ'க்கு இறங்கினேன் என்று எனக்கே தெரியவில்லை. அவனும் அதைக் கவனித்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை.

"மாத்திடுறேன் ஐயா. அட்டை இன்னும் அச்சாகல. 'கித்தார்: யார் எனத் தெரியவில்லை'ன்னு போட்டுடுறேன் இப்போதைக்கு."

"தெரியவில்லையா? யாருக்குத் தெரியல? இப்பதானே சொன்னேன்?"

"டாக்கெட்டோட மகன் அங்க வக்கீலா இருக்காரு. கொலைன்னு எழுதினா கேஸ் போடுவாங்க. உங்களுக்கும் நல்லதில்ல. இந்தக் கோடைக்காலத்துல அங்க கறுப்பர் ஓட்டுரிமைக்குப் போனவங்களச் சுட்டுப் புதைச்சதெல்லாம் நீங்களே பேப்பர்ல பாக்குறீங்க."

"எனக்கு நல்லதில்லன்னு எனக்குத் தெரியும். முப்பத்துநாலு வருஷமா அதத்தான் பாத்துக்கிட்டு இருக்கேன். பேனா இருக்கா?"

இருந்தது. ரம்பத் தட்டுகள் கிடந்த மேசையை முழங்கையால் ஒதுக்கி அவனுக்கு இடம் செய்து கொடுத்தேன். அவன் பத்திரிகைக்கு ஒரு கடிதம். நான் சொல்லச் சொல்ல அவன் எழுத வேண்டும். என் கையெழுத்து எனக்கே புரியாது. ஆனால் படிக்க நன்றாகத் தெரியும். அதை அவனிடம் முதலிலேயே சொல்லிவிட்டேன்.

"லான்ஸோ பெட்டிஸ்னு தொடங்கு. கித்தாரப் பத்தி அப்புறம்."

எழுதினான். கரை, மழை, மூன்றாம் நாள், ஒரு வாய் சாப்பாடு. எல்லாவற்றையும் எழுதினான். டாக்கெட்டின் பெயர் வந்த இடத்தில் பேனா கொஞ்சம் நின்று பிறகு ஓடியது. தாளைத் திருப்பிப் பார்த்தேன். 'சுட்டதாகச் சொல்லப்படுகிறது' என்று இருந்தது.

"யார் சொல்றா?"

"நீங்க."

"நான் சொல்லல. பாத்தேன். அடி."

அடித்துவிட்டு 'சுட்டான்' என்று எழுதினான்.

"அடுத்தது எழுது. அவன அடுக்கினவங்கள்ல நானும் ஒருத்தன். மெம்ஃபிஸ்ல பேரக் கேட்டப்போ பொய் சொன்னவனும் நான்தான். டாக்கெட்டு பேரு அந்தத் தட்டுல ஏறினதுக்கு அர்சூலா காரணம், கித்தார்ங்கிற வார்த்தைக்குப் பக்கத்துல ஏறினதுக்கு நான் காரணம்."

"அந்த அடுக்கினது வேண்டாமே ஐயா. உங்களத் தப்பா நினைப்பாங்க."

"நினைக்கட்டும். எழுது."

கடைசியில் என் பெயரை நானே எழுதினேன். கோணலாக வந்தது. ஆனால் படிக்க முடிந்தது. வாரன் தாளை மடிக்கப் போனான்.

"இரு. என் விலாசம் இல்லையே."

"கடிதத்துல விலாசம் போட்டா பத்திரிகையில அப்படியே அச்சாகும். அது தேவையில்ல ஐயா. அந்த வக்கீல் ஆத்தத் தாண்டி வர எவ்வளவு நேரம் ஆகும்?"

"இப்பதான் பாலம் வந்துடுச்சே, ஒரு மணி நேரம்கூட ஆகாது," என்றான் வாசலுக்குத் திரும்பி வந்திருந்த பர்னெல். அவன் இப்போது சிரிக்கவில்லை.

விரலில் இரத்தம் காய்ந்து கறுத்திருந்தது. அதைச் சட்டையில் துடைத்துவிட்டுத் தாளை என் பக்கம் இழுத்தேன். அவனால் எழுத முடியாது என்று தெரிந்துவிட்டது. ஒவ்வொரு எழுத்தாக நானே எழுதினேன். ஹோசியா ப்ளெட்சோ, மில் ரோட்டில் பம்புக்கு அடுத்த மூன்றாவது வீடு, ஹெலினா, அர்கன்ஸாஸ். எழுதி முடித்ததும் ஒரு தடவை படித்துப் பார்த்தேன். பிறகு, வரும் ஆளுக்குக் குழப்பம் வரக்கூடாது என்று, வீடு பச்சை நிறம் என்பதையும் சேர்த்தேன்.